ரிப்பன் பிரபுவும் ஸ்தல சுயாட்சியும்

நம் நாட்டை ஆண்ட ஆங்கில இராஜப்பிரதிநிதிகள் பலர். அவருட் பெரும்பாலோர் பெயர் சரித்திரப் புத்தகத்தோடு நின்றுவிட்டது. சிலர் பெயரை மக்கள் கசப்புடன் நினைத்தனர். ஒருவர் பெயரை மட்டும் தமிழ் மக்கள் தந்தையின் பெயரைப்போல் அன்புடன் வழங்கினர். அவரே ரிப்பன் பிரபு ஆவர். அவர் இரக்கமுள்ளவர், நம்மவரிடம் அன்புடையவர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் காரணம். அது மெய்யே, ஆயினும் அம்மட்டில் நிறுத்துதல் அவருக்கு நியாயம் செய்ததாகாது. ஓர் ஊரின் காரியத்தை அவ்வூரார் நடத்த வேண்டுமாயின் சட்டத்தினால் அதிகாரமும், அவ்வதிகாரத்தைச் செலுத்தப் பொருளும் ஒருங்கே வேண்டும் என்பதைத் தெளிந்து, அதனைச் செயலிலும் காட்ட முயன்றவர் அவர். ஊராட்சிகளிலும் நகரசபைகளிலும் அங்கம் வகிப்போரும் வகிக்க விரும்புவோரும் நம் சங்கத்துக் குடும்பங்களில் உளராதலின், அவர் சரிதத்தை ஈண்டுச் சுருக்கி உரைப்போம்.

பிறப்பும் இளமையும்

ஜார்ஜ் பிரெடெரிக் சாமுவேல் ராபின்சன் என்னும் இயற்பெயருடைய இவர் 1827-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் நாள் லண்டன் நகரில் டௌனிங் வீதி 10-ஆம் எண் மாளிகையில் பிறந்தார். அஃது இங்கிலாந்தின் பிரதம மந்திரிகள் வாழும் இல்லம். இவர் தந்தையாராகிய காட்ரிச் பிரபு அப்போது சில மாதகாலமே அப்பதவியில் இருந்தார். தாயார் சாரா அம்மையார், 1794 முதல் 1798 வரை சென்னையில் கவர்னராக இருந்த ஹோபார்ட் பிரபுவின் மகளார். ஆகவே நம் சரித நாயகர் சென்னைக் கவர்னர் ஒருவரின் மகள் வயிற்றுப் பேரராவர்.

இத்தகைய உயர்குடியில் தோன்றியும் இவர் பள்ளிக்கோ பல்கலைக்கழகத்திற்கோ சென்றவரல்லர். வீட்டிலேயே கல்வி பயின்றார். இளமையில் மாரிஸ், கிங்ஸ்லி, ஹியூஸ் முதலிய பெரியார் கூடித் தொழிலாளர் நலத்திற்காக நடத்திய கிறிஸ்தவ சமதர்ம இயக்கத்திற் சேர்ந்தார். 1852-ஆம் ஆண்டில் இயந்திரத் தொழிலாளரை முதலாளிகள் ஆலைக்கு வெளியே நிறுத்திக் கதவடைத்த காலத்துத் தொழிலாளர்க்குப் பொருளுதவி செய்தார். அவ்வாண்டிலேயே அவர் எழுதிய சிறு நூலொன்று மக்களாட்சியை மிகத் துணிவாக ஆதரித்ததாகக் கண்டு, இயக்கத்து மூத்தோரே அதனைப் பரவவொட்டாது நிறுத்திவைத்தனர். செல்வர் மகனாகிய இருபத்துநான்கு வயது இளைஞர், பாமரரும் தம்மைத் தாமே ஆளத்தக்கவர் என்று எழுதியது அந்நாளில் நண்பர்க்கும் அச்சம் தந்தது. அக்கொள்கையை அவர் இறுதிவரை கைவிட்டிலர்.

பதவிகளிற் பெற்ற பயிற்சி

1852-இல் பாராளுமன்றம் புகுந்த இவர், 1859-இல் தந்தையாரும் பெரிய தந்தையாரும் காலஞ்செல்லவே பிரபுக்கள் சபைக்கு உரியவரானார். பின்னர் யுத்த மந்திரியாகவும், 1866-இல் சில மாதம் இந்தியா மந்திரியாகவும் அலுவல் பார்த்தார். 1868 முதல் 1873 வரை கிளாட்ஸ்டன் மந்திரிசபையிற் பிரிவி கௌன்ஸில் தலைவராயிருந்தார். கல்வி இலாகா அப்பதவியின் கீழ் இருந்தது. 1870-ஆம் ஆண்டின் புகழ்பெற்ற ஆரம்பக் கல்விச் சட்டம் இவர் தலைமையிலிருந்த அவ்விலாகாவினின்றே வெளிவந்தது. அச்சட்டத்தின் அமைப்பை நாம் சற்று நோக்குதல் வேண்டும். ரிப்பன் பிரபு நம் நாட்டிற் செய்தவற்றிற்கு அது திறவுகோல் போன்றது.

அச்சட்டப்படி, போதிய பள்ளிகள் இல்லாத இடங்களில் ஊரார் வோட்டளித்துப் பள்ளிக்கூட போர்டு ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். அவ்வோட்டிலும் அங்கத்திலும் பெண்டிர்க்கும் இடமளிக்கப்பட்டது. போர்டு உள்ளூரில் வரி பெற்றுப் பள்ளி நடத்தும். சர்க்கார் தன் பங்காக மான்யம் அளிக்கும். இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து, பள்ளி ஒழுங்காக நடப்பதாகக் கண்டால் மான்யம் தொடரும். இவ்வேற்பாட்டில் ஊரார் பொறுப்பும், ஊரார் வரியும், சர்க்கார் உதவியும், வெளியிலிருந்து மேற்பார்வையும் என்னும் நான்கும் ஒன்றாய் இணைந்தன. 1856-ஆம் ஆண்டு முதலே நகரங்களின் போலீஸ் செலவுக்கும் இங்கிலாந்தில் இத்தகைய நிபந்தனை மான்யம் நடைமுறையில் இருந்தது.

1871-இல் அமெரிக்க நாட்டோடு ஏற்பட்டிருந்த பெரும் வழக்கை வாஷிங்டன் உடன்படிக்கையால் தீர்த்துவைத்து, மார்க்விஸ் என்னும் உயர்பட்டம் பெற்றார். 1874-இல் கத்தோலிக்க மதத்தைத் தழுவினார். அக்காலத்து ஆங்கிலேயர் பலர் அதனைப் பொறாது, அவர் அரசியல் வாழ்வு முடிந்ததென்றே எண்ணினர். ஆயினும் 1880-இல் கிளாட்ஸ்டன் மீண்டும் பிரதம மந்திரியானபோது இந்திய இராஜப்பிரதிநிதியாக அனுப்பியது இவரையே. அப்பதவி பெற்ற முதற் கத்தோலிக்கர் இவரே.

பணப்பையின் முடிச்சு

ரிப்பன் பிரபு வந்தபோது ஆப்கானிய யுத்தம் நடந்துகொண்டிருந்தது. தென்னாட்டை 1876 முதல் 1878 வரை வாட்டிய பெரும் பஞ்சத்தின் வடு ஆறவில்லை. 1878-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தாய்மொழிப் பத்திரிகைகளின் வாய் கட்டப்பட்டிருந்தது. இவர் யுத்தத்தை முடித்தார். 1881-இல் மைசூரை அதன் அரச வமிசத்தாரிடம் திரும்ப ஒப்புவித்தார். அவ்வாண்டிலேயே ஆலைகளில் வேலை செய்யும் சிறுவரைக் காக்கும் சட்டம் பிறந்தது. 1882-இல் பத்திரிகைச் சட்டம் நீக்கப்பட்டது, உப்பு வரியும் குறைந்தது.

நிற்க. இவற்றினும் ஆழமான வேலை கணக்குப் புத்தகத்தில் நடந்தது. அக்காலத்தில் இந்தியாவின் வருமானமெல்லாம் நடுச் சர்க்காரின் கஜானாவையே சேரும். மாகாணங்கள் ஒவ்வொரு செலவுக்கும் கல்கத்தாவை நோக்கிக் கையேந்தி நிற்கும். மிகுதியாய்க் கேட்ட மாகாணம் மிகுதியாய்ப் பெறும். சிக்கனமாய் நடந்த மாகாணத்திற்கு அதனால் ஒரு பயனுமில்லை. 1870-இல் மேயோ பிரபு இம்முடிச்சை முதன்முதல் அவிழ்த்தார். போலீஸ், சிறை, கல்வி, மருத்துவம், சாலை முதலிய இலாகாக்களை மாகாணங்களிடம் விட்டு, அவற்றிற்கென ஆண்டுதோறும் ஒரு நிலையான தொகையை அளித்தார். ஆனால் நிலையான தொகை நிலையாகவே நின்றது, செலவோ வளர்ந்தது.

ரிப்பன் பிரபுவும், அவர் கீழ் நிதி அங்கத்தினராயிருந்த ஈவிலின் பேரிங் என்பாரும் 1882-இல் இதனை மாற்றினர். ஸ்டாம்பு, ஆயத்தீர்வை, காடு, ரிஜிஸ்டிரேஷன் முதலிய இனங்களின் வருமானம் நடுச் சர்க்காருக்கும் மாகாணத்திற்கும் பங்காயிற்று. நிலவரியிலும் மாகாணத்திற்கு ஒரு பகுதி வகுக்கப்பட்டது. ஏற்பாடு ஐந்தாண்டுக் காலத்திற்கு மாறாதிருக்கும் எனப்பட்டது. இனி வருமானம் வளர்ந்தால் மாகாணமும் வளரும். நிருவாகம் சீர்கெட்டால் நட்டத்திலும் பங்குண்டு. ஆகவே பொறுப்பு பிறந்தது.

அம்மட்டில் அவர் நின்றாரில்லை. நடுச் சர்க்கார் மாகாணத்திற்கு விட்டுக்கொடுத்ததுபோல, மாகாணம் ஊருக்கு விட்டுக்கொடுக்க வேண்டாமா என்று வினவினார். 1881-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் வெளியிட்ட தீர்மானத்தில், எந்தெந்த வருமானத்தையும் செலவையும் ஸ்தல சபைகளிடம் ஒப்புவிக்கலாம் என்பதை ஆராயுமாறு மாகாண சர்க்கார்களைப் பணித்தார். நகரசபைகள் தம் சிறு வருமானத்தினின்று போலீஸ் செலவைத் தாங்கி வந்தன. போலீசின்மீது அவற்றிற்கு ஆணை செலுத்தும் உரிமையில்லை. கூலி கொடுக்கும் கடமை மாத்திரம் இருந்தது. அச்சுமையை இறக்கிவிட்டு, மீதமாகும் பணத்தைப் பள்ளி, ஆஸ்பத்திரி, சாலை முதலிய உள்ளூர்க் காரியங்களிற் செலவிடச் செய்வதே அவர் கருத்து. கையிற் காசு கொடுப்பதும் மான்யம். தகாத சுமையை இறக்குவதும் மான்யமே என்பதை இதனால் அறியலாம்.

1882-ஆம் ஆண்டுத் தீர்மானம்

1882-ஆம் ஆண்டு மே மாதம் 18-ஆம் நாள் ஸ்தல சுயாட்சியைப் பற்றிய பெருந்தீர்மானம் வெளிவந்தது. அதன் சாரம் வருமாறு: நகரங்களில் இருப்பதுபோல் நாட்டுப்புறத்திலும் சபைகள் ஏற்படுதல் வேண்டும். ஒரு சபையின் எல்லை ஜில்லா முழுவதுமாய்ப் பரந்திராமல், தாலுகா அல்லது டிவிஷன் அளவாய்ச் சிறிதாக இருத்தல் வேண்டும். அப்போதுதான் அங்கத்தினர் இடத்தை நேரில் அறிந்து பேசுவர். சர்க்கார் உத்தியோகஸ்தர் மூன்றில் ஒரு பங்கினும் மிகலாகாது. இயன்ற இடமெல்லாம் தேர்தல் நடத்தப்படுதல் வேண்டும். தலைவரும் கூடியவரை உத்தியோகஸ்தரல்லாதாராய் இருத்தல் நலம். புது வரி, கடன், சபையின் சொத்தை விற்றல் போன்றவற்றிற்கு முன்னனுமதி பெறுதல் வேண்டும். தவறு நேரின் சர்க்கார் வெளியிலிருந்து திருத்தலாமேயன்றி, உள்ளே புகுந்து கட்டளையிடலாகாது.

இச்சபைகளால் நிருவாகம் உடனே சிறக்கும் என்று அவர் சொல்லவில்லை. தொடக்கத்தில் சில இடங்களிற் காரியம் கெடினும் கெடும் என்பதை வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். மக்கள் பொதுக்காரியம் நடத்தப் பழகுதலே முதற்பயன் என்பது அவர் துணிபு. நீரில் இறங்காதவன் நீந்தக் கற்பதில்லை. கரையில் நிற்பவன் கைகொடுக்கலாமேயன்றி அவனுக்காகத் தான் நீந்தலாகாது.

எதிர்ப்பு

கலெக்டர்மாரும் மாகாணத் தலைவர்களும் பலவாறு தடை சொல்லினர். படிப்பில்லாதார் கையிற் பணத்தைக் கொடுப்பதா, சாதிச்சண்டைக்கு இடமாகாதா, வேலைத்திறம் குன்றாதா என்றனர். அத்தடைகள் முற்றும் பொய்யல்ல. ஆயினும் அவை நீங்கும் வரை காத்திருப்பதெனின் என்றும் காத்திருக்க நேரும் என்பதே ரிப்பன் பிரபுவின் நிலை. இதற்கிடையில் 1883-இல் இல்பர்ட் மசோதா எழுந்தது. வெளியூர்களில் இந்திய நீதிபதிகள் ஐரோப்பியரையும் விசாரிக்கலாம் என்னும் அம்மசோதாவினால் இந்நாட்டு ஐரோப்பியர் கொதித்தெழுந்து இராஜப்பிரதிநிதியை நேரிலேயே அவமதித்தனர். 1884-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அவர் ஒருவாறு சமரசத்திற்கு உடன்பட நேர்ந்தது. ஸ்தல சுயாட்சித் திட்டத்தைத் தாங்கவேண்டிய உத்தியோக வர்க்கமோ அவரிடம் மனக்கசப்புற்று நின்றது.

சென்னை மாகாணத்தில்

சென்னை மாகாணத்திற்கு 1884-ஆம் ஆண்டு முக்கியமானது. அவ்வாண்டின் 1-ஆவது சட்டம் சென்னை நகரத்திற்கும், 4-ஆவது சட்டம் ஜில்லா நகரசபைகளுக்கும், 5-ஆவது சட்டம் நாட்டுப்புற போர்டுகளுக்கும் ஆயின. ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, சில கிராமங்கள் கூடிய யூனியன் பஞ்சாயத்து என மூன்று படிகள் அமைந்தன. நிலவரியோடு பெறும் ஸெஸ், சுங்கச்சாவடி வருமானம், யூனியன்களில் வீட்டுவரி ஆகியன அவற்றின் பொருள். நம் முன்னோர் நடந்த ஜில்லாச் சாலைகளும், இறங்கிய சத்திரங்களும், மருந்து வாங்கிய ஆஸ்பத்திரிகளும் பெரும்பாலும் அந்த போர்டுகளின் பராமரிப்பில் இருந்தவையே.

ஆயினும் ரிப்பன் பிரபு எண்ணியதற்கும் நடந்ததற்கும் இடைவெளி இருந்தது. ஜில்லா போர்டின் தலைவர் கலெக்டரே. தாலுகா போர்டின் தலைவர் டிவிஷன் அதிகாரியே. தலைவர் வாய்திறந்தபின் அங்கத்தினர் பலர் வாய்திறப்பதில்லை. வரி செலுத்துவோர்க்கே வோட்டாதலின் ஏழையர்க்கு இடமில்லை. இருபதாம் நூற்றாண்டு பிறந்து பல ஆண்டு சென்ற பின்னரே உத்தியோகஸ்தரல்லாதார் ஜில்லா போர்டுகளுக்குத் தலைமை ஏற்றனர். அவர் மிகவும் விரும்பிய சிறு எல்லைச் சபைகளாகிய தாலுகா போர்டுகளோ 1934-இல் எடுபட்டன. சட்டத்தின் எழுத்து வந்தது; அதன் உயிர் மெதுவாகவே வந்தது.

நகரத் தலைவரான இராஜப்பிரதிநிதி

1884-ஆம் ஆண்டு டிசம்பரில் ரிப்பன் பிரபு இந்தியாவை விட்டகன்றார். அவர் சென்ற வழியெல்லாம், பம்பாய்த் துறைமுகம் வரை, இந்திய மக்கள் திரண்டு விடையளித்தது முன்னொருவர்க்கும் கிட்டாத சிறப்பு. தாய்நாட்டில் 1886-இல் கடற்படை மந்திரியாகவும், 1892 முதல் 1895 வரை குடியேற்ற நாட்டு மந்திரியாகவும் இருந்தார்.

அதன் பின் அவர் செய்ததொன்று நம் கருத்திற்குரியது. யார்க்ஷயர் நாட்டில் அவர் மாளிகைக்கு அருகே ரிப்பன் என்னும் சிற்றூர் உள்ளது; அவர் பட்டப்பெயரும் அதுவே. 1895-ஆம் ஆண்டில் அவ்வூர் நகரசபையின் தலைமையை ஏற்று ஓராண்டு நடத்தினார். இந்தியா முழுவதையும் ஆண்டவர், பலமுறை அமைச்சு வகித்தவர், தம் ஊர்ச் சபையின் நாற்காலியைச் சிறிதென்று எண்ணினாரில்லை. பிறர்க்கு உபதேசித்ததைத் தாமும் செய்தார்.

1905 முதல் 1908 வரை மீண்டும் மந்திரிப் பதவியில் இருந்து ஓய்ந்து, 1909-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் நாள் ஸ்டட்லி ராயல் என்னும் தம் இருப்பிடத்தில் எண்பத்தோராம் வயதிற் காலமானார். அவ்வாண்டு டிசம்பரிலேயே சென்னை நகராண்மைக் கழகத்தின் புது மாளிகைக்கு மிண்டோ பிரபு அடிக்கல் நாட்டினார். லோகநாத முதலியார் என்னும் ஒப்பந்தக்காரர் கட்டி முடித்த அம்மாளிகை 1913-இல் ஹார்டிஞ்ச் பிரபுவால் திறக்கப்பெற்று, ரிப்பன் பெயரையே தாங்கி நிற்கின்றது.

விதை முளைத்த வரலாறு

அவர் மறைந்த 1909-ஆம் ஆண்டிலேயே அதிகாரப் பகிர்வைப் பற்றிய ராயல் கமிஷன் தன் அறிக்கையை வெளியிட்டு, கிராமப் பஞ்சாயத்துகளுக்கு உயிரளிக்க வேண்டுமென்றது. 1919-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தால் ஸ்தல சுயாட்சி இலாகா மக்கள் பிரதிநிதியாகிய மந்திரியிடம் வந்தது. சென்னையில் அதனைப் பனகல் அரசர் வகித்தார். 1920-இல் புதிய ஸ்தல ஸ்தாபனச் சட்டங்கள் பிறந்தன. ஊராரிடம் அதிகாரம் சென்றால் எளியோரை வலியோர் ஒதுக்குவர் என்னும் அச்சத்திற்குக் காரணமும் இருந்தது. பொதுச் சாலை, கிணறு, குளம் ஆகியவற்றை ஒடுக்கப்பட்டோரும் தடையின்றி வழங்கலாம் என 1924-இல் இரட்டைமலை சீனிவாசனார் சென்னைச் சட்டசபையிற் கொணர்ந்த தீர்மானம் நிறைவேறிய பின்னரே, பொதுப் பணத்தாற் செய்த சாலை மெய்யாகவே பொதுச் சாலையாகும் வழி பிறந்தது. ஆதலின் ஸ்தல சுயாட்சிக்கு மேலிருந்து சட்டத்தின் காவலும் வேண்டும்.

விடுதலைக்குப் பின் 1992-இல் நிறைவேறிய 73, 74-ஆம் அரசியலமைப்புத் திருத்தங்கள் ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் அசையாத சட்ட நிலையை அளித்தன. ஐந்தாண்டுக்கொருமுறை தேர்தலும், வருமானத்தைப் பகுத்தளிக்க மாநில நிதிக் குழுவும் கட்டாயமாயின. தமிழ்நாட்டில் 1994-இல் புதிய ஊராட்சிச் சட்டம் வந்தது. 2016-இல் பெண்டிர்க்குப் பாதி இடம் எனச் சட்டமாயிற்று. சட்டமும் மான்யமும் எவ்வளவு பிணைந்தவை என்பதை அதற்குப் பிந்திய நிகழ்ச்சியே காட்டும். 2016-இல் காலம் முடிந்த சபைகளுக்கு உரிய காலத்தில் தேர்தல் நடைபெறவில்லை. பெரும்பாலான மாவட்டங்களின் ஊரகப் பகுதியில் 2019 டிசம்பரிலும், நகரங்களில் 2022 பிப்ரவரியிலுமே அது நடந்தது. தேர்ந்த சபை இல்லாத இடைக்காலத்தில் மத்திய நிதிக் குழுவின் மான்யமும் தடைப்பட்டது. சபை இன்றேல் மான்யம் இல்லை. மான்யம் இன்றேல் சபைக்குப் பெயரன்றி வேறில்லை.

நாம் கொள்ளத்தக்கது

ரிப்பன் பிரபு மாற்றாட்சியின் பிரதிநிதியே. நமக்கு விடுதலை தரவந்தவரல்லர். எனினும் ஆளுவோர் தாமே தம் கையிலுள்ள அதிகாரத்தையும் பணத்தையும் குறைத்துக்கொண்டு கீழே உள்ளாரிடம் தருதல் உலகில் அரிது. அவர் அதனைச் செய்ய முயன்றார்.

நம்மவர் ஊர்ச்சபையில் இடம் பெறுவதைக் குலத்திற்குப் பெருமையாகக் கருதுகிறோம். அப்பெருமை நாற்காலியில் இல்லை. 2021 முதல் 2026 வரைக்கென 15-ஆவது நிதிக் குழு ஊராட்சிகளுக்குப் பரிந்துரைத்த மான்யத்தில் நூற்றுக்கு 60 பங்கு குடிநீருக்கும் துப்புரவுக்கும் எனக் கட்டப்பட்டது. எஞ்சிய 40 பங்கே ஊரார் விருப்பத்திற்கு விடப்பட்டது. இத்தகைய கணக்கை அறியாத அங்கத்தினர், எழுத்தர் காட்டிய இடத்திற் கையெழுத்திடுவதோடு நிற்பர். வீட்டுவரியை ஒழுங்காகச் செலுத்தாத நாம், சாலை சீர்கெட்டதென்று குறைகூற எவ்வாறு முன்வருவோம்? நம் குலத்தவர் என்பதற்காக மட்டும் ஒருவர்க்கு வோட்டளித்தல், அக்காலத்து உத்தியோகஸ்தர் கூறிய தடையை நாமே மெய்யாக்குவதாகும்.

ஆகையால் நம் சங்கத்தார், ஊரில் கிராமசபை கூடும் நாளில் ஆடவரும் பெண்டிருமாகச் சென்றிருந்து, வரவு செலவுக் கணக்கைப் படிக்கக் கேட்டு, ஐயமுள்ளதை வினவி வருதலை ஒரு வழக்கமாகக் கொள்வாராக. அங்கம் வகிப்போர் எல்லாத் தெருவிற்கும் ஒத்த நீரும் ஒத்த விளக்கும் கிடைக்கச் செய்வாராக. ரிப்பன் பிரபு 1882-இல் மக்கள்மீது வைத்த நம்பிக்கைக்கு நாம் தகுதியுடையோம் என்பதை அதனாலேயே காட்டுதல் கூடும்.